பதினொரு படங்களில் அடிமை

ஒரே மனிதரை எத்தனை முறை ஏலத்தில் விற்க முடியும்? டெல்மஸின் முடிதிருத்தும் கடையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். எழும்போதெல்லாம் சம்பந்தப்பட்டவர் அங்கேயே, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, வெட்டி விழுந்த முடியின் மேல் மண்டியிட்டுக்கொண்டிருப்பார். அது பயிற்சி. இடது முழங்காலை முதலில் ஊன்ற வேண்டும். வலதை அரை நொடி தாமதித்து ஊன்ற வேண்டும். அப்போதுதான் கேமராவில் வலி தெரியும். இது டீக்கன் எவரிஸ்ட் ஜோசப்பின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"எந்திரிங்க டீக்கன், பேண்ட்டெல்லாம் முடி," என்பார் டெல்மஸ், மெஷினை நிறுத்தாமல். "இதுவரைக்கும் உங்களை எத்தனை தடவ வித்திருக்காங்க?"

"ஒம்பது."

"சாட்டையடி?"

"நாலு. சாவு ரெண்டு."

"விடுதலை?"

"ஒரே ஒரு தடவ. அதையும் எடிட்டிங்ல தூக்கிட்டாங்க."

எங்கள் சபையின் உதவி ஊழியர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீக்கன்; வயது அறுபத்து மூன்று. ஒல்லியான உடம்பு, நீண்ட கழுத்து. இருபத்தேழு வருடம் எங்கள் ஆற்றுச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அந்த வருடங்களில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், ஓக் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் பழைய சர்க்கரைப் பண்ணை மாளிகைக்குப் படக்குழு ஒன்று வந்தது. துணை நடிகர் வேலைக்கு வரிசையில் நின்றவர்களில் இவரைப் பார்த்ததும் இயக்குநர் நின்றுவிட்டார். "உங்க முகத்துல நூற்றாண்டுகளோட துயரம் இருக்கு," என்றார். டீக்கனுக்கு அன்று கடைவாய்ப் பல் வலி.

அதன்பின் ஒன்பது வருடத்தில் பதினொரு படங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அரங்கில் எல்லோரும் எழுந்து போன பிறகும், அவர் உட்கார்ந்திருப்பார். 'அடிமை 4', 'வயல் ஆள்', 'கிணற்றருகே முதியவர்' என்ற பாத்திரங்களுக்கு எதிரே அவர் பெயர் கண்ணுக்கெட்டாத சிறிய எழுத்தில் வரும். ஒரு படத்தில் 'பிணம்'. இத்தனை படங்களில் அவர் நடித்த ஒருவனுக்குக்கூட அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான்: பெயருள்ள ஒருவன், வாய் திறந்து பேசும் ஒருவன். இதற்காக அவர் ஜெபிப்பது எங்கள் பாப்டிஸ்ட் சபையில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் சத்தமாக ஜெபிப்பவர்.

அமெரிக்கத் தெற்கில் எங்கள் ஊர் கரும்பு ஊர். இங்கே அடிமைகளாக இருந்த எங்கள் கறுப்பு முன்னோர்கள் கரும்பு வெட்டினார்கள், ஆலையில் பாகு காய்ச்சினார்கள், கை வெந்து செத்தார்கள். ஆனால் சினிமாவுக்கு அடிமை என்றால் பருத்தி. நான்காவது படத்துக்காகக் கரும்பை வெட்டித் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ செடிகளைக் கொண்டுவந்து நட்டு, பஞ்சைப் பசை போட்டு ஒட்டினார்கள். டீக்கனின் வம்சத்தில் யாரும் பருத்தி பறித்ததில்லை. அவர் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். படம் வந்ததும் ஒரு பத்திரிகை, 'அந்த முதியவரின் விரல்களில் தலைமுறைகளின் நினைவு உறைந்திருக்கிறது' என்று எழுதியது. அந்தத் துண்டைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

சாட்டையால் அடிக்கும் வெள்ளைக்கார நடிகர்களைப் பற்றி அவரிடம் ஏராளமான கதைகள் உண்டு. அவர்களில் ஒருவர் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் விம்மி அழுவாராம். "நான் அந்த மாதிரி ஆளில்ல சார், என்னை மன்னிச்சிருங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வாராம். முதுகில் பூசிய செயற்கை ரத்தம் காய்ந்து இழுக்க இழுக்க, டீக்கன் அவரைத் தட்டிக்கொடுத்துத் தேற்றுவாராம். "பாவம்ப்பா, அந்தப் பையன் மத்தியானம் சோறே சாப்பிடல. நான்தான் சமாதானம் சொல்லி ரெண்டு துண்டு கோழி சாப்பிட வச்சேன்." இதைப் பெருமையாகச் சொல்வார். கடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். டெல்மஸ் மட்டும், "அடிச்சவனுக்கு ஆறுதல், வாங்கினவனுக்கு டயலாக் இல்ல," என்பார்.

டெல்மஸுக்கு இந்தப் படங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி தொழில் சார்ந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: படப்பிடிப்புக்கு ஆறு வாரம் முன்பிருந்தே முடி வெட்டக் கூடாது, தாடி மழிக்கக் கூடாது. ஆகவே எங்கள் ஊரில் அடிமைப் படம் வரப்போகிறது என்று முதலில் அறிவிப்பது டீக்கனின் தலைதான். முடி காதை மூடினால் ஏலக் காட்சி. தாடி நெஞ்சைத் தொட்டால் மரணம். அந்த வாரங்களிலும் சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவார். நாற்காலியில் உட்காராமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அரட்டை அடித்துவிட்டுப் போவார்.

"இந்தப் படம் எடுக்கறவங்களுக்கு நம்மகிட்ட ரெண்டே சட்டைதான் தெரியும் டீக்கன்," என்று டெல்மஸ் ஒருநாள் ஆரம்பித்தார். "ஒண்ணு சாக்கு. இன்னொண்ணு ஜெயில் சட்டை."

"நான் நிக்கலைன்னா கலிஃபோர்னியாவுலேருந்து எவனாவது வந்து நிப்பான். கரும்புக்கும் மூங்கிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன். நடந்ததைச் சொல்ல வேணாமா தம்பி?"

"சொல்லட்டும். அதை மட்டுமே சொன்னா? எங்க தாத்தா கடை வச்சாரு, கடன் வாங்கினாரு, பாட்டியை ஏமாத்தினாரு, பேண்டு வாசிச்சாரு. அதுக்கு யாராவது கேமராவைத் தூக்கிட்டு வந்தாங்களா?"

"பாட்டியை ஏமாத்தினதை எதுக்குடா படம் எடுக்கணும்?"

"மனுசன்னு தெரியறதுக்கு."

டீக்கன் தாடியைச் சொறிந்துகொண்டார்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு பழுப்பேறிய படம் தொங்குகிறது. அவருடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா. இதே மாளிகைப் பண்ணையிலிருந்து தப்பி ஓடி, உள்நாட்டுப் போரில் அடிமை முறையை எதிர்த்த வடக்கின் படையில் சேர்ந்து, நீலக் கோட்டும் துப்பாக்கியுமாகத் திரும்பி வந்து, அதே மாளிகையின் முன்படியில் நின்றவர். டீக்கனுக்கு அந்த நீண்ட கழுத்து அவரிடமிருந்து வந்தது. ஏழாவது படத்தின்போது இந்தக் கதையை இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் கண் கலங்கிவிட்டார். அற்புதம், அற்புதம் என்று இரண்டு முறை சொன்னார். பிறகு, வெளிச்சம் போவதற்குள் சேற்றில் குப்புறப் படுக்கச் சொன்னார்.

பழக்கமே நாளடைவில் குணமாகிவிடும் என்று கிரேக்கத் தத்துவவாதி ஒருவர் எழுதி வைத்தார். அவருக்குச் சினிமா தெரியாது. தெரிந்திருந்தால் டீக்கனின் முழங்காலை உதாரணம் காட்டியிருப்பார். போன வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நீதிபதி வேடத்துக்கு ஆள் தேடினார்கள். ஆள் சேர்க்கும் பெண் டானா இவரை நினைவு வைத்து அழைத்தாள். ஒரே காட்சி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது" என்று சொல்ல வேண்டும். கறுப்பு அங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்ததாம். வழக்கறிஞராக நடித்த வெள்ளைக்கார இளைஞன் நடந்து வந்து மேசை முன் நின்றான். டீக்கன் எழுந்து நின்றார். தலை தானாகக் குனிந்தது.

"நீதிபதி எந்திரிக்க மாட்டாரு சார்," என்றாள் டானா.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி எழுந்தார். மூன்றாம் முறை தொடைகளைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் வாயில் வசனம் வரவில்லை. அந்த வேடம் வேறொருவருக்குப் போனது. கடைக்கு வந்து அவரே இதைச் சொல்லிச் சிரித்தார். "காலு தானா எந்திரிச்சிருச்சுப்பா. நான் என்ன பண்ணுவேன்?" நாங்களும் சிரித்தோம். டெல்மஸ் அன்று ரொம்ப நேரம் ஒரே சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, இந்த ஜனவரியில், ஜெபம் கேட்கப்பட்டது. பன்னிரண்டாவது படம். பாத்திரத்துக்குப் பெயர் ஏபெல். வசனம் மூன்று வரி. நல்லவனான இளம் எஜமான் காய்ச்சலில் சாகும்போது, ஏபெல் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க எங்களை அடிச்சதே இல்ல சின்ன எஜமான். உங்களைவிட நல்லவரு யாரு? நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்று அழ வேண்டும். போதகர் ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார். சபை எழுந்து கை தட்டியது. ஒரு வாரத்தில் டீக்கனின் முடி வளரத் தொடங்கியது தெரிந்தது. சனிக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்த மூன்று வரியையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். விம்மி ஒரு முறை. விம்மாமல் ஒரு முறை.

"அடிக்காததுக்கு இவ்வளவு அழுகையா?" என்றார் டெல்மஸ். "என் பொண்டாட்டிகூட என்னை அடிக்கறதில்ல. நான் இப்படி அழறதில்லயே."

"பேரு இருக்கு தம்பி. ஏபெல். படம் முடியறப்ப என் பேருக்கு எதிர்ல ஏபெல்னு வரும்."

பிப்ரவரி நடுவில் அவர் மகள் கொரைன் கடைக்குள் வந்தாள். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. சனிக்கிழமை காலையில் ஒரு பெண் அந்தக் கடைக்குள் வந்தால் எல்லோருடைய வாயும் மூடிவிடும். அவள் யாரையும் பார்க்காமல், அப்பாவின் மடியிலிருந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஏழு ஓவியங்களை வைத்தாள். நம் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முக்கியமான ஆளை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாளாம். இருபத்திரண்டு பேரில் ஏழு பேர் டீக்கனை வரைந்திருந்தார்கள். கறுப்பர் வரலாற்று மாதம் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் சபைக் கூடத்தில் அவர் படங்களைத் திரையிட அவரே ஏற்பாடு செய்வார். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஏழு ஓவியங்களிலும் டீக்கன் மண்டியிட்டிருந்தார். பழுப்பு நிறத்தில் சாக்குச் சட்டை. ஒன்றில் கழுத்தில் கயிறு.

டீக்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிறு இருந்த ஓவியத்தில் பார்வை நின்றது.

"இந்தப் பிள்ளைக்குக் கூர்மையான கண்ணு கொரைன். முடிச்சு இடது பக்கம். படத்துல ரெண்டு ஷாட்ல வலது பக்கம் போட்டுட்டாங்க. யாருமே கவனிக்கல."

"அப்பா."

"சொல்லும்மா."

"இதுங்க உங்களை வாராவாரம் கோட்டு சூட்டுல பாக்குதுங்க. காணிக்கைத் தட்டை எடுத்துட்டு நீங்க நிமிந்து நடந்து வர்றதைப் பாக்குதுங்க. வரையச் சொன்னா இதைத்தான் வரையுதுங்க." அவள் குரல் தணிந்தது. "இந்த ஒரு படம் வேணாம்னு சொல்லிருங்கப்பா."

"பேரு குடுத்திருக்காங்க கண்ணு."

"உங்களுக்குப் பேரு இல்லையாப்பா?"

அவள் போய்விட்டாள். ஓவியங்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. டீக்கன் ஆறு ஓவியங்களைக் கண்ணாடி மேசையில் வைத்தார். கயிறு இருந்ததை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு துண்டை மறுபடி சுருட்டி மடியில் வைத்தார். "நீங்க எங்களை அடிச்சதே இல்ல சின்ன எஜமான்," என்று தொடங்கினார். அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் செய்தார். அவர் திருந்துவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. திருந்த என்ன இருக்கிறது என்று டெல்மஸே கேட்டார். ஆறு வாரத்தில் முடி காதை மூடியது. தாடி வெள்ளையும் சாம்பலுமாக இறங்கியது. பார்த்தால் ஏபெல்தான்.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை கடை நிரம்பியிருந்தது. டீக்கன் வந்தார், தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பெஞ்சைத் தாண்டி நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டெல்மஸ் சிரித்தார். "இடம் மாறி உட்கார்ந்துட்டீங்க டீக்கன்."

"எடுத்துரு."

"எதை?"

"தலையையும் தாடியையும். ஒட்ட எடுத்துரு."

"திங்கக்கிழமை ஷூட்டிங்கு. ஏபெல்லுக்குத் தாடி வேணும்."

டீக்கன் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. டானா மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாள் என்பதும், ஏபெல் வேடத்துக்கு மெம்ஃபிஸிலிருந்து ஆள் வந்தார் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் கேட்டாளாம், பீன்ஸில் உப்பு குறைவு என்றாராம். போதகர் கேட்டபோது வானிலை பற்றிப் பேசினாராம்.

அன்று அவர் செய்தது இவ்வளவுதான். வெள்ளைத் துணியைத் தானே எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மெஷின் சத்தம் கேட்காததால் முகவாயை உயர்த்தி, எதிரே இருந்த கண்ணாடி வழியாக, பின்னால் நின்ற டெல்மஸையும் பெஞ்சில் இருந்த எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். அவருடைய பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒழுங்காக உட்கார்ந்தோம்.