தனித் தட்டில் சாப்பிட்ட நாட்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எட்டு வயதில் வறட்டு இருமல் வந்தது. அதற்கு முன்னால், மழை பெய்து ஊறிய கடலைக்காட்டில் வெறுங்காலோடு திரிந்ததில் விரல் இடுக்கெல்லாம் அரித்தது. அரிப்பை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இருமலுக்குத்தான் பயந்தார்கள். முந்தின வருஷம்தான் அப்பாவின் தங்கை காசநோயில் போயிருந்தாள்.

அம்மா எனக்கென்று தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக ஒதுக்கினாள். தட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு கோடும் கிழித்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் சொந்தமாக ஒரு கரண்டிகூடக் கிடையாது. “என்னுது, தொடாத” என்று அண்ணனிடம் பீற்றிக்கொள்வேன். “நீயே வச்சிக்க, இருமல் ராணி” என்பான்.

டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் மலம் கேட்டார்கள். வத்திப்பெட்டியில் வைத்து, மடியில் கட்டிக்கொண்டு, இண்டூரில் பஸ் ஏறினாள் அம்மா. பூச்சி முட்டை எதுவும் இல்லை என்றார்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. பூச்சி இல்லையென்றால் நாத்தனாருக்கு வந்ததுதான் எனக்கும் என்று முடிவே செய்துவிட்டாள். டாக்டரம்மா விடவில்லை. ரத்தமும் நெஞ்சுப் படமும் எடுக்கச் சொன்னார்.

அடுத்த முறை போனபோது சொன்னார்: “காசநோய் இல்லம்மா, கொக்கிப்புழு. கால் வழியா ஏறி நெஞ்சு வழியா போவுது, அதான் இருமல். முட்டை வைக்கிற வயசு அதுக்கு இன்னும் ஆவல. ஆனா ரத்தத்துல, பூச்சி பூந்தா கூடற வெள்ளை அணு ஒரு வகை, அதுக்குள்ள எக்கச்சக்கமா சேந்துடுச்சி.”

“திருடன் பொருள்ல கை வெக்கிறதுக்கு முன்னாடியே நாய் கொரைக்குமே, அப்பிடிங்களா?” என்றாள் அம்மா.

“அதேதான்.”

“வெறும் பூச்சிதானுங்களே? நல்லா பாத்து சொல்லுங்க.”

“பூச்சின்னா இவ்ளோ சந்தோசப்படற ஆளை இப்பதான் பாக்கறேன்” என்று டாக்டரம்மா சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் வயிற்றுக்குப் பூச்சி போவதில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோடு போட்ட தட்டை எடுத்து, அதில் களியைப் போட்டு, தானே சாப்பிட உட்கார்ந்தாள். நான் தரையில் புரண்டு அழுதேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்து, தனக்கொரு வாய், எனக்கொரு வாய் என்று அந்தத் தட்டிலிருந்தே ஊட்டினாள். அண்ணனையும் கூப்பிட்டு அதிலேயே கை வைக்கச் சொன்னாள். என் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

வெள்ளை அணு சங்கதி, அம்மா பிற்பாடு பலமுறை சொல்லி என் காதில் நின்றது. சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று விவரம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.