காப்புக் கட்டிய எட்டு நாட்களும் என் வருகைப் பதிவேடும்

'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சடித்து அதற்கு மேலே ஒரு கோடும் போட்டு வைத்திருந்தால், முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்காக அந்தக் கோட்டில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? எனக்கு இன்று வரை விடை தெரியவில்லை. என் மகளின் மதிப்பெண் அட்டையில் மாதாமாதம் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது நான்தான். அதே பழக்கத்தில் கல்லூரிப் படிவத்திலும் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

"பெத்தவங்க போடோணும்மா."

"நானும் பெத்தவதானுங்க சார். பொண்ணு ஒன்னாவது படிக்கிறா."

அவர் சிரிக்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற என் வகுப்புப் பெண்கள்தான் சிரித்தார்கள். அவர்களுக்கு இருபத்திரண்டு வயது. எதற்கும் சிரிக்கலாம்.

நான் பி.எட். சேர்ந்தது போன வருடம். கணக்கில் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, மலையில் ஒரு மிளகுக் கொள்முதல் கடையில் தராசுக்கு முன்னால் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் என் மகள் மூன்றில் மூன்று போனால் மீதி எங்கே என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடி முகத்தைப் பார்த்துவிட்டு, இனி மிளகு நிறுப்பதில்லை, கணக்கு டீச்சர் ஆவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த மறுநாளே அது தவறான முடிவோ என்று தோன்றியது. அதற்கு மறுநாள், தவறு என்று நினைத்ததுதான் தவறோ என்று தோன்றியது. இப்படியே நாட்கள் போய், விண்ணப்பிக்கக் கடைசி நாளும் வந்துவிட்டதால் விண்ணப்பித்துவிட்டேன்.

கல்லூரி மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. மலை ஊர்களை நாடு நாடாகப் பிரித்திருப்பார்கள்; எங்கள் ஊர் எடப்புளி நாடு. அங்கிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, பாடத்திட்டத்தை மனப்பாடம் செய்வேன். இன்றைக்கும் கற்றல் கோட்பாடு ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் வருவது லேசான குமட்டல்தான்.

வருகைப் பதிவு எனக்கு ஏற்கெனவே தகராறில் இருந்தது. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாள் விடுப்பு எடுத்திருந்தேன். இன்னும் நாலைந்து நாள் போனால் தேர்வு எழுத விடமாட்டோம், அடுத்த வருடம்தான் என்று எச்சரித்திருந்தார்கள். அடுத்த வருடம் என்பது எனக்குக் கிடையாது. கொள்முதல் கடையில் என் இடத்தைப் படிப்பு முடியும் வரைதான் காலியாக வைத்திருப்பார்கள். என் தைரியமும் அநேகமாக அவ்வளவு நாளுக்குத்தான்.

அப்போதுதான் எங்கள் ஊரில் நோம்பி சாட்டினார்கள்.

மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழா இங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. கோயிலில் காப்புக் கட்டிய நாளிலிருந்து எட்டு நாள். போன முறை நடந்தபோது நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். ஆகவே, புகுந்த ஊரில் எனக்கு இதுதான் முதல் நோம்பி. என் அம்மா வீடு மலையிலேயே வேறொரு நாட்டில் இருக்கிறது. அங்கே காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது. பகலிலும் கூடாது. ஒருமுறை என் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போன ஆட்டை இந்தப் பக்கம் நின்றே ஒரு மணி நேரம் கூப்பிட்டார்.

இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, யாரையும் கேட்கவில்லை. கேட்டால், மருமகளுக்குக் காலேஜ்தான் பெரிதாகப் போய்விட்டது, சாமி பெரிதில்லை என்று அத்தை நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு எட்டு நாள் வீட்டில் இருந்துவிட்டேன்.

கல்லூரிக்குச் சொல்லாமல் இருந்துவிடவில்லை. தினமும் காலையில் ஆறு மணிக்கு வகுப்பாசிரியருக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பினேன். 'வணக்கம் மேடம், இன்று வர இயலாது, மன்னிக்கவும்.' ஆனால் எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஓடையைத் தாண்டி, மேட்டில் இருக்கும் புளியமரத்தடியில்தான். ஓடைதான் ஊர் எல்லை. நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் பஸ் ஓடையைத் தாண்டியதும், எட்டுச் செய்திகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. 'இன்று வர இயலாது', 'இன்று வர இயலாது' என்று எட்டு முறை. அப்போது நான் கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு நாளும் எனக்கு அறிகுறியே தெரியவில்லையா என்று என் கணவர் பிறகு கேட்டார். தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரண்டாம் நாள் அவரே சேந்தமங்கலம் போய் சீரியல் லைட்டு வாங்கி வந்தார். கோயில் வேலைக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் அன்னாசிப்பழ லோடோடு லாரியில் மலையிறங்கினார். அடப்பாவி மனுஷா, இப்படித் துணிந்து போகிறாரே என்று பதறி, அவருக்காகவும் சேர்த்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் அவர் சௌக்கியமாகத் திரும்பி வந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு அன்னாசிப்பழம் கொடுத்தார். எனக்குச் சாப்பிடவே பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் கல்லூரியில் என் கையில் கொடுத்ததுதான் முதலில் சொன்ன அந்தப் படிவம். நான் போட்ட கையெழுத்து செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் நேரில் வந்து முதல்வர் முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தேர்வு கிடையாது.

என் அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற மாட்டார். என் அம்மா, அலுவலக மேசையைக் கண்டாலே அழுதுவிடுவார். வகுப்புப் பெண்களில் ஒருத்தி யோசனை சொன்னாள்.

"அக்கா, எங்க மாமா வருவாருங்கக்கா. போன வருசம் மூனு பேருக்கு அப்பாவா வந்திருக்காரு. வேட்டியெல்லாம் கட்டிட்டு நல்லா கோவமா திட்டுவாரு. பாத்தா நெஜ அப்பாவாட்டமே இருக்கும்."

ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், நான் யோசித்தேன். இதை இங்கே எழுதுவதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. டீச்சர் ஆகப் போகிறவள்.

படிவத்தில் 'பாதுகாவலர்' வந்தாலும் போதும் என்றிருந்தது. வீட்டுக்குப் போய் கணவரைக் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க வாங்களே. பாதுகாவலர்னு போட்டிருக்குது."

"நானா? பிரின்சிபால் ரூமுக்கா?" அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பத்தாவது படிக்கறப்ப அந்தக் கதவுக்கு வெளிய நின்னு நின்னு எனக்குக் காலே தேஞ்சு போச்சு. அம்மாளக் கூட்டிட்டுப் போ. எனக்கும் அம்மாதான் வரும். அதுக்குப் பழக்கமிருக்குது."

இவருக்கு எந்தப் பிரஷ் இவருடையது என்று தினமும் காலையில் நான்தான் சொல்கிறேன். இவர் எனக்குப் பாதுகாவலர்.

அத்தையிடம் விவரமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "காலேஜ்ல ஒரு கையெழுத்துப் போடோணுமாங்கத்தை" என்று மட்டும் சொன்னேன். அத்தை நோம்பிச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஏறியவர் இறங்கியவரிடமெல்லாம், "மருமவ காலேசுல கூப்புட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பரிசு கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பது எனக்கு, பஸ் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி வந்தபோதுதான் புரிந்தது.

முதல்வர் கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத அம்மாள். குரலை உயர்த்தாதவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

"உங்க பொண்ணு எட்டு நாளா காலேஜுக்கு வரலை. தெரியுமாம்மா?"

"பொண்ணு இல்லீங்க டீச்சர், மருமவ." அத்தை பழத்தை மேசைமேல் வைத்தார். பிறகுதான் மற்றது காதில் விழுந்தது. "எட்டு நாளா? லீவுதானுங்களே அப்ப?"

"லீவெல்லாம் இல்லைம்மா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, காலேசு லீவுன்னுதான நான் நெனச்சுட்டு இருந்தேன்! நீ ஏங்கண்ணு போவுல?"

"காப்புக் கட்டியிருந்துச்சுங்களே அத்தை."

"அதுக்கு?"

"எல்லை தாண்டக் கூடாதுல்லங்க."

"ஆரு சொன்னா? ராத்தங்கத்தான் கூடாது. பகல்ல போயிட்டு பொழுதோட ஊடு வந்து சேர வேண்டீதுதான! ஊரே போயிட்டு வந்துதே, நீ பாக்குலியா?"

"பாத்தேனுங்க."

"பாத்துட்டு?"

"அவங்களுக்காவ வேண்டிக்கிட்டேனுங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்லூரிக்கும் போகாமல், போகவில்லை என்று வீட்டுக்கும் தெரியாமல் எட்டு நாள் மட்டம் போட்ட மாணவி நான். என் வகுப்புப் பெண்கள்கூட இவ்வளவு நீளமாக மட்டம் போட்டதில்லை. அவர்களாவது நாமக்கல் போய் ஒரு படம் பார்த்திருப்பார்கள். நான் மாவிளக்குக்கு மாவு இடித்தேன்.

"டீச்சர்," என்று அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுல என் தப்பும் இருக்குதுங்க. புள்ள ஊட்டுல இருக்குதேன்னு எட்டு நாளும் நாந்தான் வேலை வாங்கீட்டேன். வந்த சனத்துக்கெல்லாம் அதுதான் ஆக்கிப் போட்டுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத பஸ்ஸுக்கே தொரத்தி உட்டிருப்பேன். அது கேக்காதுங்க. எதையுமே கேக்காது. உப்புப் போட்டாச்சான்னு கேக்கக் கூச்சப்பட்டுட்டு ரெண்டு தடவை போடுமுங்க."

அது உண்மை. ஆனால் அதை முதல்வரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

உறுதிமொழி எழுதப்பட்டது. தேர்வு முடியும்வரை ஒரு நாள்கூட, அரை நாள்கூட விடுப்பு எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த நிமிடமே தேர்வு அனுமதி ரத்து. அத்தை நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பில் கற்ற எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். நான் நிம்மதியாக எழுந்தேன். அத்தை எழவில்லை.

"ஏனுங்க டீச்சர், இதோட மார்க்கெல்லாம் எப்படிங்க?"

பழக்கமிருக்கிறது என்று என் கணவர் சொன்னது இதைத்தான். முதல்வர் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். எல்லாப் பாடத்திலும் பரவாயில்லை. ஒன்றில் மட்டும் வகுப்பிலேயே கடைசி.

"குழந்தை உளவியல்" என்றார் முதல்வர்.

"அப்படீன்னா என்னங்க?"

"குழந்தைங்க மனசைப் புரிஞ்சுக்கிறது."

அத்தை என்னை நிதானமாக மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸில் ஊர் வந்து சேருவதற்குள் கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ராணுவ ஆட்சி. அத்தை நாலரைக்கே எழுப்பிவிடுகிறார். பையைத் திறந்து சரிபார்க்கிறார். இரண்டு தும்மல் போட்டால்கூட, "நாங் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஆமா" என்கிறார். பஸ் ஏறி, ஓடையைத் தாண்டி, நான் இறங்கி ஓடிவிடவில்லை என்று உறுதியான பிறகுதான் வாசலிலிருந்து நகர்கிறார். ஆனாலும், சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் தவறவில்லை. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

இந்த நிலையில்தான் என் மகளின் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. என் மகள் மிளகுக் கொடி. அவள் தோழி சில்வர் ஓக் மரம். கொடி மரத்தைச் சுற்றிக்கொண்டே பாட வேண்டும். கொடிகளின் தாய்மார்கள் காலை ஒன்பது மணிக்கே வந்து இலை கட்டிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கல்லூரி உண்டு.

கணவர் தானே போய்க் கட்டிவிடுவதாகச் சொல்கிறார். அவருக்குக் கொடி கட்டத் தெரியும், மலையில் அவரைப் போலக் கட்ட ஆளில்லை. ஆனால் அவர் போடும் முடிச்சை அவிழ்க்க அரிவாள் வேண்டும். அத்தையிடம் கேட்கவே வேண்டாம், சீட்டைப் படித்தவுடனே, "நீ காலேசுக்குப் போ" என்று முடித்துவிட்டார். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் எட்டு நாள் மட்டம் போட்டியாமா, ஒம்போதா போட்டுக்கயேம்மா" என்கிறாள். முதல்வரிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்கலாம். கேட்டால், இவளுக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று நினைத்து உள்ளதையும் ரத்து செய்துவிட்டால்? கேட்காமலே இருந்துவிட்டால், அது நான் முன்பு செய்ததேதான். போகாவிட்டால் இவள் இருபது வருடம் கழித்து இதைச் சொல்லிக்காட்டுவாளா? குழந்தை உளவியலில் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். அந்தப் பாடத்தில்தான் நான் கடைசி.

இந்த முறை அடுத்தவர்களைப் பார்த்து நானாக ஒன்றை நினைத்துக்கொள்ளப் போவதில்லை. உங்களைக் கேட்கிறேன். உங்களில் பிள்ளை பெற்ற பிறகு படிக்கப் போனவர்கள் இருப்பீர்கள். கல்லூரி முதல்வர்களும் இருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் ஆறு மணி பஸ்ஸில் ஏறட்டுமா, பள்ளிக்கூடத்துக்குப் போகட்டுமா? முதல்வரிடம் கேட்பது என்றால் எப்படி ஆரம்பிப்பது? முதல் வாக்கியத்தை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள். மீதியை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.