மீனம்மாவின் செவ்வாயும் வெள்ளியும்

மலேசியாவின் டுரியான் துங்காலில் முப்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டியவர் மீனம்மா. கணவர் இறந்து, மகள் ஜெயா ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிய பிறகு வீட்டில் அவர் மட்டும்தான்.

எழுபத்தோரு வயதில், ஒரு காலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மாலையில்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் கூப்பிடுவது கேட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரைப் பிடித்து நடந்தவரை மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் உடற்பயிற்சி. தினமும் தோளில் ஒரு ஜெல் பூச வேண்டும். சிலருடைய ஜெல்லில் தசைக்கு வலுவூட்டும் ஆண் ஹார்மோன் இருக்கும், சிலருடையதில் ஒன்றும் இருக்காது. யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கே தெரியாது.

"ஆம்பள ஹார்மோனாமே, மீசை முளைக்குமா?" என்று கேட்டார் மீனம்மா.

பயிற்சி தரும் நளினி சிரித்துவிட்டாள். "அப்படி ஏதும் தெரிஞ்சா உடனே சொல்லுங்க ஆன்ட்டி. பூசின இடம் யார் மேலயும் படக்கூடாது லா. பேரப்பிள்ளைங்கள தூக்கினா தோளை மூடிக்குங்க."

மீனம்மா தலையாட்டினார். தன்னைக் கடைசியாக யார் கட்டிப்பிடித்தார்கள் என்று வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தார். ஜெயாதான், விமான நிலையத்தில். மூன்று வருஷமாகிவிட்டது.

காலால் எடை தள்ளுவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் முதலில் உயிரை வாங்கின. "இன்னும் ஒண்ணு, ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு" என்று நளினி இடுப்பில் கைவைத்துத் தாங்குவாள். அந்தக் கைக்காகவே மீனம்மா இரண்டு தடவை கூடுதலாகச் செய்வார். ஆறு நிமிடத்தில் நூற்று இருபது மீட்டர் நடந்தவர், ஆறு மாதத்தில் முந்நூறைத் தொட்டார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது.

பிறகு ஆய்வு முடிந்தது. அடுத்த செவ்வாய், போவதற்கு இடமில்லை என்று தெரிந்தும் குளித்து, காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் நளினி போன் செய்தாள். "உங்களுக்குக் கொடுத்தது வெறும் ஜெல் ஆன்ட்டி. ஹார்மோன் இல்ல. நீங்க நடந்ததெல்லாம் பயிற்சியாலதான்."

"அப்படியா? ஒரு நாள் வந்து நடந்து காட்டட்டுமா?"

"இப்ப புது பேஷண்டுங்க நிறைய ஆன்ட்டி..."

"ஆமாம்மா, ஆமா. நீ வேலையப் பாரு."

ஜெயாவை அழைத்தார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி வந்தது. மீனம்மா தடியை எடுத்துக்கொண்டு கடைவரை நடந்தார். நின்று மூச்சு வாங்கவில்லை. ரொட்டி வாங்கினார். கடைக்காரர் போனில் பேசியபடியே மீதிச் சில்லறையை நீட்டினார்.