செத்த பிறகு சிரிக்க வேண்டும்

செத்து விழுவதற்கு முன்னால் மதுகர் திவேகர் தம் காலுறைகளை நன்றாக மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். விழும்போது பேன்ட் ஏறிக் கணுக்கால் தெரிந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. பிறகு கோட்டின் பின்பக்கத்தைக் கையால் தடவிச் சுருக்கம் நீக்குவார். கடைசியாக வலது ஷூவின் நுனியை இடது கெண்டைக்காலில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, "ம், சுடுங்க" என்பார்.

மும்பைப் படப்பிடிப்புகளில் பிணமாக நடிப்பது அவர் தொழில். பதிவேட்டின்படி ஜூனியர் ஆர்டிஸ்ட். அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, காது மடலைத் தாண்டி இறங்கும் கிருதா, பென்சிலால் கோடு போட்டது போன்ற மீசை. புறநகர் நாலாசோபாராவிலிருந்து ரயிலில் வருகிற கூட்டத்தில் அந்த முகம் வேறு ஏதோ காலத்திலிருந்து தவறி இறங்கியதுபோல இருக்கும். அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. பழைய காலத்துப் பம்பாயைக் காட்டும் துப்பறியும் படம் ஒன்று தொடங்குகிறது என்றால் முதல் பிணத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் கன்டினியூட்டி பார்ப்பவன். முதல் டேக்கில் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்ததோ அவ்வளவே அடுத்த டேக்கிலும் எரிந்திருக்க வேண்டும். கோப்பையில் மது அதே அளவில் நிற்க வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பேன். திவேகர் விஷயத்தில் எழுதுவது வீண் வேலை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து படுத்தாலும் அவருடைய சுண்டுவிரல் கம்பளத்தின் அதே பூவின்மேல் போய் உட்காரும். மூச்சை அவர் அடக்குவதில்லை. "அடக்கினா கழுத்து நரம்பு துடிக்கும். வயித்துக்குள்ள அனுப்பிடணும், சார். கோட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேமராவுக்கு எதுக்கு?" என்பார்.

எல்லாப் பிணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். இக்காலக் குற்றப் படங்களில் ஆளைக் கொன்று பிளாஸ்டிக் பையில் கட்டிச் சாக்கடையில் போடுகிறார்கள். அப்படிப் போட அவரை அழைத்தால், "வேற ஆளைப் பாருங்க" என்று கைபேசியை வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது வேறு வகை. அகலக் காலர் சட்டை. சுழற்றும் டயல் கொண்ட கறுப்புத் தொலைபேசி. மழையில் நனைந்து நிற்கும் ஃபியட் கார், அதன் கண்ணாடியில் வழியும் சிவப்பு விளம்பர வெளிச்சம். வளைந்து இறங்கும் மாடிப்படி. படியின் உச்சியில் கையுறை அணிந்த ஒருத்தி. பின்னணியில் ஊதுகுழல் இசை. இவ்வளவும் இருந்தால் எந்த ஊருக்கும் வந்து சாவார்.

இத்தகைய படங்கள் இப்போது ஏராளமாக வருகின்றன. எடுப்பவர்களில் பலர் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குத் திவேகர் என்னையும் அழைத்துப் போவார். செத்தவன் கையிலிருந்து நழுவித் தொங்கும் ரிசீவர் சுவரில் இடித்து இடித்து ஆடும்போது முன்வரிசைப் பையன்கள் விசிலடிப்பார்கள். அவர்கள் அந்தத் தொலைபேசியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள் வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னேன்: "அந்தக் காலத்துல நானும் இந்த ஊர்லதான் இருந்தேன், திவேகர். கெரசினுக்கு வரிசையில நின்னோம். பாதி நாள் ஃபோன் வேலை செய்யாது. இப்படி இஸ்திரி போட்ட பம்பாயை நான் பார்த்ததே இல்லை."

"நீங்க பார்க்கல. நானும் பார்க்கல. யாராவது ஒருத்தனுக்கு அப்படி இருந்திருக்கட்டுமே, சார். உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார்.



படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், ஷாட் முடிந்ததும் அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்த பிறகுதான் விளக்கை அணைப்பார்கள். பொய்ச் சாவு பொய்யாகவே முடிந்துவிட வேண்டும், வீடு வரை பின்தொடரக் கூடாது என்பதற்காக. படித்த இயக்குநர்கள்கூட இதைக் கேலி செய்துகொண்டே கடைப்பிடிப்பார்கள். திவேகரின் மனைவி சுலபா கேலி செய்வதில்லை. சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அடுப்படியிலிருந்து குரல் வரும்: "சிரிச்சீங்களா?" அவர் "சிரிச்சேன், சிரிச்சேன்" என்ற பிறகுதான் சுலபா டீக்குத் தண்ணீர் வைப்பார்.

போன வருடம் அவர்களுடைய ஒரே மகன் ஹேமந்த், காலை நேர ரயில் நெரிசலில் வாசற்படியிலிருந்து விழுந்து இறந்தான். மருந்துக் கடைகளுக்கு மாதிரிகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். அப்பாவைப் போலவே ஒடிசல்.

அதைப் பற்றித் திவேகர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். சம்பளப் பாக்கி வாங்க அவர் வந்த நாள், ஸ்டூடியோவின் பின்படியில் உட்கார்ந்திருந்தோம். கையிலிருந்த வடாபாவ் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

"ஒரு கால்ல ஷூ இல்ல, சார். சட்டை கழுத்து வரைக்கும் ஏறிக் கிடக்கு. இன்னொரு ஷூ எங்கன்னு கேட்டேன். 'அதெல்லாம் யாரு பார்த்தா'ன்னான் பிணவறையில இருந்தவன். அவன் மேல தப்பில்ல, அன்னைக்கு அவனுக்கு அப்படி இன்னும் எத்தனையோ. ஆனா நம்ம செட்ல ஒரு ஷூ காணோம்னா நீங்க ஷூட்டிங்கையே நிறுத்திடுவீங்க, இல்ல?"

நிறுத்துவேன் என்றேன்.

"அதான். நம்ம படத்துல செத்தவனைச் சுத்திச் சாக்பீஸால கோடு போடறாங்க. தொப்பி போட்ட ஒருத்தன் வந்து குனிஞ்சு பார்க்கறான். யாரு, எதுக்கு, கடைசியா யாருக்கு ஃபோன் பண்ணினான்னு ரெண்டரை மணி நேரம் அலையறான். என் பையனுக்கு போலீஸ்ல அரைப் பக்கத்துல எழுதி முடிச்சுட்டாங்க."

இன்னொன்றையும் சொன்னார். விபத்துக்கு முந்தைய வாரம் வெளிப்புறப் படப்பிடிப்பு ஒன்றில் செத்திருக்கிறார். ஷாட் முடிந்த கையோடு பெருமழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் நின்றுபோய், எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுலபாவிடம் வழக்கம்போல "சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டார்.

மகன் இறந்த பிறகு பல மாதங்கள் அவர் வேலைக்கு வரவில்லை. சென்ற மாதம்தான் வந்தார், ஊர்வி கச்ரூ என்ற இளம் இயக்குநரின் படத்துக்கு. கடத்தல்காரனின் கணக்கப்பிள்ளை, இரவு விடுதியின் மாடிப்படியில் சுடப்பட்டு விழ வேண்டும். அன்று அவரோடு சுலபாவும் வந்திருந்தார். படப்பிடிப்புப் பக்கம் அதுவரை எட்டிப் பார்க்காதவர். "நீங்க சிரிக்கறதை நான் கண்ணால பார்க்கணும்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாராம். வயர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷாட்டுக்கு முன் திவேகர் என்னைத் தனியே அழைத்தார். நெற்றி முடிக்குள் போலி ரத்தப் பை ஒட்டியாகிவிட்டது.

"சார், இன்னைக்கு நான் சிரிச்சா, அன்னைக்குச் சிரிக்காததுதான் காரணம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சிரிக்கலேன்னா இவ இன்னையிலிருந்து தூங்க மாட்டா. என்ன பண்ண?"

கோட்டின் பொத்தான் ஒன்று போடாமலிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன். போட்டுக்கொண்டார்.

காலுறையை இழுத்துவிட்டார், கோட்டைத் தடவினார், ஷூவைத் தேய்த்தார். "ம், சுடுங்க." வெடி வெடித்தது. கைப்பிடிக் கட்டையைப் பிடித்து, வழுக்கி, படிப்படியாக இறங்கிச் சிவப்புக் கம்பளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். படியோரச் சுவரில் மாட்டிய தொலைபேசியின் ரிசீவர் அவர் தலைக்கு மேல் ஆடியது. ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள். சுலபா தட்டவில்லை.

"லைட் அப்படியே இருக்கட்டும்" என்றார் ஊர்வி. "திவேகர் ஜி, சிரிப்பை எடுத்துடலாம்."

கேமரா ஓடத் தொடங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்து லென்ஸைப் பார்த்தார். வாய் அசையவில்லை.

"பாவு, சீக்கிரம் சிரி" என்று மேலேயிருந்து கத்தினார் தலைமை லைட்மேன் பாபன். செட்டில் எல்லோருக்கும் திவேகர் 'பாவு', அண்ணன். "இந்த வெக்கையில நானே செத்துருவேன்."

"நீ செத்தா உன்னையும் சிரிக்க வைப்போம்டா!" என்று யாரோ பதில் கொடுக்க, சிரிப்பலை எழுந்து அடங்கியது. திவேகர் மட்டும் அப்படியே இருந்தார்.

"பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் ஊர்வி.

பாபன் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நாளைக்கு இல்ல, மேடம். இவர் சிரிக்காம நான் அணைக்க மாட்டேன். என் பசங்களும் அணைக்க மாட்டாங்க. போன தடவை என்ன ஆச்சுன்னு எங்களுக்கும் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் திவேகரின் முகம் இன்னும் இறுகியது. சுலபா பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். வயர்களைப் பார்த்துப் பார்த்துத் தாண்டி வெளிச்சத்துக்குள் வந்தார்.

"மேடம், அவங்க ஃப்ரேம்ல வர்றாங்க" என்றான் கேமரா உதவியாளன். ஊர்வி அவன் தோளைத் தொட்டு அடக்கினார்.

"என்னங்க?"

"வரல, சுலபா."

"வராம என்ன?"

"போன தடவை நான் சிரிக்கல. சிரிச்சேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்." மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தலைக்கு மேல் மைக் இருந்தது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இது பொய் சொல்ற மூஞ்சியா? செத்தா மட்டும்தான் உங்களுக்கு நடிக்க வரும்."

திவேகர் அண்ணாந்து பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் கேட்கல?"

"எதைக் கேட்க? நீங்க அன்னைக்கு நாள் பூரா சிரிச்சிருந்தாலும் அவன் அந்த ரயில்லதான் ஏறியிருப்பான். கூட்டமும் அதே கூட்டம்தான்."

"அப்போ இன்னைக்கு எதுக்கு வந்த?"

"தனியா உட்கார்ந்து சிரிக்கறது கஷ்டம்னு வந்தேன். கொஞ்சம் நகருங்க."

அவர் நகர்ந்தார். சுலபா புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார், போலி ரத்தம் சிந்திய இடத்தைத் தவிர்த்து. தலைப்பைத் தோளில் சரிசெய்து, கல்யாண போட்டோவுக்கு உட்காருபவர்போல முதுகை நிமிர்த்தி, லென்ஸைப் பார்த்தார். முழங்கையால் கணவரை ஒரு இடி இடித்தார்.

"பல்லைக் காட்டுங்க, போதும். வீட்ல தண்ணி வர்ற நேரம்."

முதலில் சுலபாவின் பற்கள்தாம் தெரிந்தன. பிறகு திவேகருடைய உதடு ஒரு பக்கமாகக் கோணி, மீசை விரிந்து, மேல்வரிசைப் பல் வெளியே வந்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கண்ணிலிருந்து வழிந்தது போலி ரத்தத்தோடு கலந்து கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்காமல் இருவரும் பல் தெரிய அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஊர்வி கட் சொல்ல மறந்துபோனார். பாபன் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தார்.

சுலபா நிமிர்ந்து மேலே பாபனைப் பார்த்தார். விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.