பழனியாண்டி அண்ணன் நடவேண்டாம் என்ற சரிவு

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோசு இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. விவசாய அலுவலகத்தில் மண் பார்க்கும் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பழனியாண்டி அண்ணன் காலமாகிவிட்டார். "நம்ம மண்ணுக்காரரு போயிட்டாரு லா," என்றார் லோரிக்காரர். மீதிக் கூடைகளையும் இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதி வேலையில் எழுந்து வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

எங்கள் மலையில் ரிங்லெட் பக்கம் காய்கறி போடுகிறவர்களில் அவரைத் திட்டாதவர் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் பலரும் திட்டியிருப்பீர்கள். எங்களைப் போலவே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், ஆனால் நிலம் பார்க்க வரும் நாளில் யார் வீட்டிலும் ஒரு வாய் தேநீர் குடிக்கமாட்டார். சொந்த பிளாஸ்க் கொண்டுவருவார். "குடிச்சிட்டா கை தடுமாறும் தம்பி," என்பார். எழுதுகிற கையைத்தான் சொன்னார்.

மாநில அரசின் மண்வளத் திட்டம் எங்கள் பக்கம் வந்தபோது ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்து, நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்து வரச் சொன்னார். நாங்கள் பயிரிடுவது அரசாங்க நிலம். வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மண் மோசம் என்று வந்தால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தோம். ஆகவே ஒருவரும் சொந்த நிலத்து மண்ணைக் கொடுக்கவில்லை. நான் முனீஸ்வரன் கோயில் பூச்செடிகளின் அடியிலிருந்து கறுகறுவென்று நல்ல மண்ணாக அள்ளிக்கொண்டு போனேன்.

அவர் பையைப் பழைய செய்தித்தாளில் கொட்டினார். விரலால் கிளறி, ஒரு குச்சியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"கோசுத் தோட்டத்துல ஊதுபத்தி எப்ப இருந்து வெளையுது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுடைய பைகளும் ஒவ்வொன்றாகக் கொட்டப்பட்டன, சிரிப்பு நின்றுவிட்டது. "பெயிலானாத்தான்யா சுண்ணாம்பு கெடைக்கும். பாஸாயி என்னா செய்யப் போறீங்க, பிரேம் போட்டு மாட்டப் போறீங்களா?" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை உண்மையான மண்ணைக் கொடுத்தோம். அமிலம் ஏறிப் புளித்துப்போன மண் என்று முடிவு வந்தது. திட்டத்தில் சுண்ணாம்பும் மக்கிய எருவும் கிடைத்தன. வேர் வீங்கிச் சாகும் என் கோசு அடுத்த போகத்தில் பிழைத்தது.

அதோடு நின்றிருந்தால் நாங்கள் நல்ல நண்பர்களாகவே இருந்திருப்போம். திட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: செங்குத்தான சரிவில் பயிர் கூடாது, புல் மூடியிருக்க வேண்டும். அவர் மூங்கில் கழியும் நீர்மட்டக் குழாயுமாக வந்து என் நிலத்தின் மேல்சரிவை அளந்து, அங்கே பயிர் கூடாது என்று எழுதினார். என் நிலத்தில் பாதி அது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன்.

"நீங்களும் நம்ம ஆளுதானேண்ணே. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"நல்லாப் பாத்துதான் எழுதியிருக்கேன் தம்பி. அங்க நடமுடியாது."

வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். அனுமதி கீழ் நிலத்துக்கு மட்டும் கிடைத்தது. அதன் பிறகு இரண்டு வருடம் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனேன். அவர் மட்டும் வழக்கம்போலக் கையை உயர்த்துவார்.

பிறகு ஓர் அடைமழையில் பக்கத்து மேடு சரிந்து பாதையை மூடியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புல் மூடிக் கிடந்த என் சரிவில் ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை. அதற்குக் கீழேதான் என் வீடு இருக்கிறது. மறுநாள் அவரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்றிருந்தார். நீங்கள் சொன்னது சரிதான் என்றேன். பாராட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்கென்னா தெரியும்? சட்டத்துல இருந்திச்சி, எழுதுனேன்," என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பேசாமல் கழித்த அந்த இரண்டு வருடங்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி போடும் என் மச்சான் வந்தான். அவன் நிலத்துக்கு இந்த வருடம் அனுமதி கிடைக்கவில்லை.

"மேல சும்மாதானே கெடக்குது மச்சான்? இத்தன வருசம் புல்லு நின்னு மண்ணு நல்லாத் தேறியிருக்கும். இப்ப அந்தாளும் இல்ல. நான் நட்டுக்கிறேனே."

என் மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்தாள். அவளுடைய ஒரே தம்பி அவன்.

நடமுடியாது என்றேன். அவன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். நான் குரலை உயர்த்தவில்லை. அந்தச் சொல்லைக் கோபமில்லாமல் சொல்வதற்குப் பழனியாண்டி அண்ணனிடம்தான் கற்றேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

மச்சான் இப்போது என்னோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் நான் கையை உயர்த்துகிறேன்.