ஒட்டாத சிவப்புப் பொட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடக்கிறது. பல நிறப் பொட்டுகள் இருந்த அட்டை. பச்சையும் மஞ்சளும் எப்போதோ தீர்ந்துவிட்டன. மூலையில் ஒரே ஒரு சிவப்பு மட்டும் மிச்சம். வழுக்கை விழுந்த ஆண்பிள்ளையின் மேசையில் பொட்டு அட்டைக்கு என்ன வேலை என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். போன வாரம்வரை என் மனைவிக்கு மட்டும்தான் கதை தெரியும், அதனால் அவள் தொடமாட்டாள். அதை என்னிடம் கொடுத்த மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனியும் இதைச் சொல்லாமல் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ராயப்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் கிடங்குப் பிரிவு என்னுடையது. மேடம் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி. மயிலாப்பூர்க்காரர், என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர், கோபம் மூக்கு நுனியில். எங்கள் கம்பெனியில் அப்போது ஆளுக்கொரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளத்துக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, பாக்கி வசூலுக்கு ஒன்று. எது எதிலிருந்து விவரம் எடுக்கிறது, எதை நிறுத்தினால் எது படுத்துவிடும் என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷம் குழம்பிவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லாப் புரோகிராம்களையும் ஒரே படத்தில் போடுங்கள், ஒரே வேலையை இரண்டு செய்தால் ஒன்றை மூடுங்கள்.

அதற்கென்றே பெட்டியும் கோடுமாகப் படம் வரைகிற சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல சரக்குதான். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் பத்துப் பெட்டி வரைந்ததும் அது மூச்சடைத்து நின்றுவிடும். மேடம் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "இந்தக் கட்டையோட மல்லுக்கட்டிண்டு இருந்தா ரெண்டாயிரம் பொறந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு, சுவர் முழுக்க சார்ட் பேப்பர் ஒட்டினார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கட்டம். எது எதற்கு விவரம் தருகிறதோ அவற்றுக்கு நடுவே தையல் நூல். இருக்கட்டும் என்றால் பச்சைப் பொட்டு, பழுது பார்க்க வேண்டும் என்றால் மஞ்சள், மூடு என்றால் சிவப்பு. முதலில் சுவரில் முடிவு செய்வோம், பிறகு அந்தக் கட்டையில் ஏற்றிக்கொள்வோம் என்றார்.

பொட்டு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மந்தைவெளிக்குப் போகிறவன் நான்தானே, வழியில் மாட வீதியில் இறங்கி வாங்கிவரக் கூடாதா என்று கேட்டார். நடைபாதையில் வளையலும் ரிப்பனும் விற்கும் அம்மாளிடம் கூச்சத்தோடு போய் நின்றேன்.

"வூட்டுக்காரம்மாவுக்கா சார்? இன்னா கலரு கட்டுவாங்க?"

"வீட்டுக்கு இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்கு சார் பொட்டு? அதுக்கு இன்னா கண்ணாலமா?" பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மறுநாள் மேடத்திடம் சொன்னபோது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

சுவர் நிறைய நிறைய எனக்குச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கிடங்கு இருப்பைப் பார்க்க இரண்டு புரோகிராம்கள் இருந்தன. ஒன்று, கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மேடம் எழுதியது. அவர் எழுதிய முதல் புரோகிராம். "என் மூத்த பிள்ளை" என்றுதான் அதைச் சொல்வார். இன்னொன்று, கிடங்கு வேலைக்காக நான் எழுதியது. இரண்டில் ஒன்று போயாக வேண்டும். என்னுடையது போனால் சென்னையில் எனக்கு வேலை இல்லை, தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கும் டிப்போவுக்குப் போக வேண்டும் என்று மேலிடத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

ஊர் மாறுவதில் எனக்கென்ன, எங்கே போனாலும் சோறுதான். பயமெல்லாம் மகளைப் பற்றி. பிறவியிலேயே காது கேளாத குழந்தை. மயிலாப்பூரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம். அம்மாவும் தினம் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். டீச்சரின் கன்னத்திலும் தொண்டையிலும் கை வைத்து, அங்கே நடுங்குவதைத் தன் தொண்டையில் கொண்டுவர வேண்டும். இரண்டு வருஷம் அப்படி முயன்று, அந்த ஆடி மாதத்தில்தான் அவள் முதல்முறையாக 'ப்பா' என்றாள். அந்தச் சின்ன ஊரில் விசாரித்துப் பார்த்தேன், அப்படியொரு பள்ளி இல்லை. இதை மேடத்திடம் சொல்ல எனக்கு ரோஷம். பரிதாபப்பட்டு அவர் வைக்கும் பச்சைப் பொட்டு வேண்டுமா எனக்கு?

சுவரில் எல்லாக் கட்டத்துக்கும் பொட்டு வந்துவிட்டது, அந்த இரண்டைத் தவிர. நாள்கள் போயின. மேடம் அவற்றின் முன்னால் போய் நிற்பார், திரும்பிவிடுவார். தலைவியே அவர், தன் புரோகிராமை அவரே மூடுவாரா என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் மூட்டை கட்டுவதைப் பற்றிக்கூட மெதுவாகப் பேச்செடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. மகளுக்குப் பாண்டி பஜாரில் ஷூ வாங்க வேண்டும் என்று மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கலர் கலராய் நூலைப் பார்த்ததும் குழந்தை சுவரை நோக்கி ஓடினாள். நான் பதறிப்போய் எழுவதற்குள் மேடம் அவள் உயரத்துக்குக் குனிந்து, "என்னடி கண்ணம்மா வேணும்?" என்றார். குழந்தை பழக்கத்தில் அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் மனைவிதான் சொன்னாள்: "பேசறது அவளுக்குக் கையிலதான் மேடம் தெரியும். ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லித் தர்றாங்க. அங்க போயிட்டா இந்த ஸ்கூல் கிடைக்காது, அதான் கவலையா இருக்கு." நான் அவளை முறைத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

மேடம் அட்டையைக் காட்டி நிதானமாக, "பொட்டு" என்றார். குழந்தை அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு, "போ... து" என்றாள். "பொட்டு." "பொத்து." மேடத்தின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அட்டையில் இரண்டு சிவப்பு மிச்சம் இருந்தன. ஒன்றை உரித்துக் குழந்தையின் விரல் நுனியில் ஒட்டினார். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"மேடம், அது உங்களோடது" என்றேன்.

"நேக்குப் படிக்கத் தெரியும் சார்."

குழந்தை ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் கட்டை விரலால் அழுத்தி வேறு விட்டாள். "என்னோடதைச் சரி பண்ண நாலு மாசம் ஆகும். உங்களோடது இப்பவே நன்னா ஓடிண்டிருக்கு. போன வாரமே நேக்குத் தெரியும். கைதான் வரலை" என்றார் மேடம். என் கட்டத்தில் தானே ஒரு பச்சையை வைத்தார். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார். "இன்னொண்ணு மிச்சம் இருக்கு பாருங்கோ. எது போகும்னு முடிவாகறதுக்கு முன்னாடி உங்களோடதுக்கு ஒண்ணு, என்னோடதுக்கு ஒண்ணுன்னு எடுத்து வெச்சிருந்தேன். நீங்களே வெச்சுக்கோங்கோ."

அவருடைய புரோகிராமை நிறுத்திய நாளில் நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசிக் கட்டளையைத் தட்டிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். "காபி சொல்லுங்கோ" என்றார், அவ்வளவுதான். வெகுகாலம் கழித்து, குழந்தைக்காகத்தான் செய்தீர்களா என்று கேட்டேன். "அசடாட்டம் கேக்காதேங்கோ சார். வேலைக்காகச் செஞ்சேன்" என்று சீறினார். பிறகு, "உங்காத்துக் குழந்தை வரலேன்னா இன்னும் ஒரு மாசம் நின்னுண்டிருந்திருப்பேன்" என்றார். எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். இந்த ஒருவரை நினைத்தால் மட்டும் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மகள் இப்போது அடையாறில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன வாரம் வீட்டில் அவளுடைய லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் பெட்டிகள், கோடுகள், பச்சை, மஞ்சள், சிவப்பு. கம்பெனியில் எந்த சாஃப்ட்வேர் இருக்கட்டும், எதை மூடலாம் என்று பார்க்கிற வேலையாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்துவந்து, என் உதட்டை அவள் பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் அந்தச் சிவப்பை உரித்தாள். லேப்டாப்பின் மூடிமேல் வைத்து, அன்று போலவே கட்டை விரலால் அழுத்தினாள். பொட்டு நழுவி மேசையில் விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

"ஒட்டலைப்பா" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே சொன்னேன்: "ஒட்ட வேண்டாம்மா. அட்டையிலேயே இருக்கட்டும்."