துடைக்கிற வேலை என்னுடையது

எனக்குச் சும்மா இருக்க வராது. இன்றும் பேருந்து வருவதற்குள் நிழற்குடைக்கும் சாலைக்குமாக நாலு முறை நடந்துவிடுவேன். பத்து வயதில் இது இன்னும் மோசம். வீட்டுக்குக் கூரியர் வரப்போகிறது என்று தெரிந்த அந்தப் பங்குனி மாதத்தில், வாசலுக்கும் தறிக்கூடத்துக்குமாக நான் நடந்த நடையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. "உக்காருடி, பேஜாரு பண்ணாத" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளே என்னோடு வந்து வாசலில் நின்றாள்.

வரவேண்டியது கம்ப்யூட்டருக்கான மெமரி. ஆன்லைனில் வாங்கியது.

அப்பாவுக்கு ஆரணியில் ஐந்து பட்டுத் தறிகள். சேலையின் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன்படி அட்டைகளில் துளை போட்டுத் தறிமேல் ஏற்றினால்தான் புட்டா என்கிற சின்னப் பூவும் பார்டரும் துணியில் விழும். வரைகிற வேலையை வெளியே ஒரு கடையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு சங்கடம். நாங்கள் வரையச் சொன்ன மயில் டிசைன் எங்கள் தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அடுத்த தெருவில் இறங்கிவிடும். யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். அப்பா கொதித்துப்போயிருந்த நேரத்தில்தான், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டிலிருந்த சித்தப்பா, "நானே வரையறேண்ணா" என்றார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சிறிய புட்டாவை ஒழுங்காகத் திறந்தது. முந்தானையின் பெரிய டிசைனைத் திறந்தால் உறைந்து நின்றது. மெமரி போதவில்லை, கூட ஒன்று வேண்டும் என்றார் சித்தப்பா. அப்பா ஒப்புக்கொண்டார், கெடுவோடு.

"வைகாசி முகூர்த்தத்துக்குள்ள அட்டை ரெடியாவணும். ஆச்சுன்னா டிசைன் ரூமு உன்னுது. ஆவலன்னா மூட்டையக் கட்டிகினு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எதுனா கம்பெனிக்குப் போயிடு."

சித்தப்பா எங்கும் போய்விடக் கூடாது. என் நடைக்கு ஈடுகொடுத்து நடக்கிற ஒரே ஆள் அவர்தான்.

பார்சல் வந்தது. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஓர் உறை. அதன்மேல் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு கை; கையின் குறுக்கே ஒரு கோடு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"கை படக் கூடாதுன்றான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கை படாமல் எப்படி எடுப்பது? எங்கள் வீட்டில் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. சாமி படம், அப்பாவின் கண்ணாடி, டிவித் திரை என்று மதிப்பான எதையும் பட்டுத் துண்டால்தான் தொடுவோம், பட்டுத் துண்டால்தான் துடைப்போம். பருத்தி பஞ்சு விடும், பட்டு விடாது என்பது அம்மாவின் கட்சி. கறை விழுந்து ஒதுக்கிய மாம்பழ நிறச் சேலையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் துடைக்கிற வேலை என்னுடையது.

சித்தப்பா உறையை வெட்டினார். நான் அந்தப் பச்சைத் தகட்டைப் பட்டில் ஏந்தினேன். அதன் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். தெரியாத்தனமாக யாராவது தொட்டிருந்தால்? அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். இரண்டு பக்கமும் புது ஜரிகைபோல மின்னின பிறகுதான் கொடுத்தேன்.

மாட்டினார். பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று விடாமல் ஒரு சத்தம். புதியதைக் கழற்றினால் சத்தம் நின்றது. ஏற்கெனவே உள்ளே இருந்த பழைய மெமரி, யாரும் துடைக்காமல் தூசி படிந்து கிடந்தது, சமர்த்தாக ஓடியது.

விற்றவர்கள் மறுபேச்சில்லாமல் வேறொன்று அனுப்பினார்கள். அது வருவதற்கு ஒரு வாரம். நான் நடந்தேன். வந்தது, முன்னைவிடக் கவனமாக, முன்னைவிட அதிகமாகத் தேய்த்தேன். பீப், பீப், பீப். அப்பா போனில் சத்தம் போட்டார். மூன்றாவதை அனுப்பினார்கள். இந்த முறை அம்மா அதைச் சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். அதுவும் பீப்.

நான்காவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறையும் பழுதாக வர வாய்ப்பில்லை, பயன்படுத்துகிறவரின் தவறு என்றாள் போனில் பேசிய பெண். தமிழ்தான் பேசினாள், மரியாதையாகத்தான் பேசினாள்; அதனால் அப்பாவுக்குக் கோபம் இரட்டிப்பானது.

"யாரும்மா தப்பு பண்ணது? பொறந்த கொயந்தையாட்டம் பாத்துகினோம். ஓட்டப் பொருள அனுப்பிட்டு நம்மளச் சொல்றியே!"

தெருவில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்த வழக்கைக் கேட்டாக வேண்டியிருந்தது. ஆன்லைனில் வருவதெல்லாம் ஏமாற்று என்று பாதித் தெருவும், சித்தப்பாவுக்குக் கை ராசியில்லை என்று மீதித் தெருவும் சொன்னது. வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எதற்கெடுத்தாலும் போனை எடுத்துப் பார்த்தார். இன்டர்நெட்டில் விவரம் தெரிந்தவர்கள் கூடிப் பேசுகிற ஏதோ ஓர் இடத்தில் கேள்வி கேட்டிருந்தாராம்.

ஒருநாள் மாலை அதற்குப் பதில் வந்தது. நான் பக்கத்தில் நின்று, வேலையில்லாமல் அந்தப் பட்டுத் துண்டால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா போனைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கையை. எழுந்து வந்து துண்டை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஜன்னலத் தொடைக்கிறதுக்கா பட்டு?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் போளூருக்குப் போய், நண்பனின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெமரியைக் கழற்றி வாங்கிவந்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "நீ வெளிய இரும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. பீப் வரவில்லை. முந்தானை முழுதாகத் திறந்ததை அப்பாதான் கூவிச் சொன்னார். வீடே குதித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. என்னைத் தொடவிடாமல் ஜெயித்துவிட்டாரே.

சித்தப்பாவின் வெற்றி அன்று சாயங்காலம்வரை நீடித்தது. சிநேகிதனின் பழைய பொருளே ஓடுகிறது என்றால் அவர்கள் அனுப்பியது ஓட்டைதானே என்று அப்பா கிளம்பிவிட்டார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகப்போகிறார். வெள்ளைத் தாள் எடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத உட்கார்ந்தார்.

"கைகூடப் படலன்னு எயுதறேன். பாப்பா பட்டுத் துணியால தொடச்சு தொடச்சுக் குடுத்தா, அவதான் சாட்சின்னு போடறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோர்ட்டில் என்ன சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சித்தப்பா, "வேணாண்ணா" என்றார்.

"இன்னாடா வேணாம்?"

"அவங்க மேல தப்பில்ல. நான்தான். கரண்ட நிறுத்தாம மாட்டிட்டேன். மூணு வாட்டியும்."

அப்பா பேனாவை மூடினார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் ஊர்முழுக்கத் தன்னைப் பேசவைத்து வேடிக்கை பார்த்தான் தம்பி என்பதை அவரால் செரிக்க முடியவில்லை. வைகாசி அட்டைகளைச் சித்தப்பா முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு டிசைன் ரூமின் சாவி வேறொருவரிடம் போனது. சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் போனார்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், "யார் வீட்டிலிருந்து பட்டுத் துணி கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்டார். ஆரணியில் கேட்கிற கேள்வியா? நாற்பது கை உயர்ந்தது. என்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டார். கண்ணாடித் தண்டை அதனால் தேய்த்து மேசைக்கு அருகே கொண்டுபோனதும் காகிதத் துணுக்குகள் எகிறி ஒட்டிக்கொண்டன. பட்டால் தேய்த்தால் மின்சாரம் சேரும் என்றார். கண்ணுக்குத் தெரியாது, நமக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கம்ப்யூட்டர் பாகங்களைக் கொன்றுவிடும், அதற்காகத்தான் அந்த உறைகளில் கைக்குக் குறுக்கே கோடு போட்டுப் படம் போடுகிறார்கள் என்றார். வகுப்பு கை தட்டியது. என் கை தட்டவில்லை.

மூன்றில் ஒன்றாவது உண்மையிலேயே பழுதாக வந்திருக்கலாம் என்று மனம் இன்றும் பேரம் பேசுகிறது. இருக்கலாம். அந்த வகுப்பு நடந்த அன்று மாலையே சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, அந்தப் பட்டுத் துணி எங்க?"

"எங்கிட்டதான் கீது. கண்ணாடி தொடச்சிகினு இருக்கேன்."

"அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"இப்ப இன்னாத்துக்கு? அவரு பாட்டுக்கு என்னத் திட்டிகினு சந்தோசமா இருக்காரு. வுடு."

விட்டுவிட்டேன். நல்லது கெட்டது என்று உறவுகள் கூடுகிற இடத்திலெல்லாம், கரண்டை நிறுத்தத் தெரியாத பாலிடெக்னிக்காரன் கதையை அப்பா இன்னும் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், சித்தப்பாவும் சிரிக்கிறார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தக் கதை அல்ல. சித்தப்பா கிளம்பிய காலையில் பையோடு என் அறைக்கு வெளியே வந்து நின்று, பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். பேருந்துக்கு நேரமாகியும் போகாமல் நின்றார். கதவுக்கடியில் அவர் நிழல் தெரிந்தது. எங்களையெல்லாம் ஏமாற்றியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். நிற்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.